அன்னமேரி தள்ளிவைத்த தேதி

ஓசூர் சிப்காட்டில் பைக்குகளுக்கு வயரிங் செட் செய்யும் ஒரு கம்பெனியில் அன்னமேரி பதினேழு வருடமாக வேலை பார்க்கிறாள். சேர்ந்தபோது போர்டின் முன்னால் நின்று வயர் கோத்தவள், ஏழாவது வருடம் லைன் லீடர் ஆனாள். அவளுக்குக் கீழே இருபத்தெட்டுப் பெண்கள். பாதிப் பேர் ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து மத்திகிரியில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். சிலர் ஆனேக்கல்லிலிருந்து வரும் கன்னடக்காரர்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அவளுக்கு வேலை வாங்கத் தெரியும், திட்டவும் தெரியும். "அன்னமேரி லைன்ல டார்கெட் குறையாது" என்று மேனேஜர் மற்ற லீடர்களிடம் சொல்வார். அது காதில் விழும் நாளில் அவள் நடையே மாறிவிடும்.

போன ஜூலையில் ஒரு திங்கட்கிழமை, காலை ஷிப்ட் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இடது விலாவுக்குக் கீழே கம்பியைச் செருகித் திருகுவதுபோல ஒரு வலி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு போர்டுகளைத் தாண்டினாள். மூன்றாவது போர்டின் அருகே குந்தியவள் அப்படியே வாந்தி எடுத்தாள். கம்பெனி வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கிட்னியிலிருந்து மூத்திரப்பைக்கு இறங்கும் குழாயில் ஒன்பது மில்லிமீட்டர் கல் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. மறுநாள் கீழ்வழியாகக் கருவி விட்டுக் கல்லை உடைத்து எடுத்தார்கள். புண்ணான குழாய் வீங்கி அடைத்துவிடக் கூடாது என்று உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய டியூப் ஒன்றையும் வைத்தார்கள்.

"நாலு வாரம் உள்ள இருக்கும். ஆகஸ்ட் பத்தொம்பது வந்து எடுத்துக்கணும்" என்றார் டாக்டர். "மறந்துடக் கூடாது, தள்ளிப் போடவும் கூடாது. அப்படியே விட்டுட்டா அது மேலயே கல்லு படிஞ்சிரும். அப்புறம் எடுக்கறது பெரும்பாடு."

டிஸ்சார்ஜ் ஆகும்போது ஆனேக்கல்காரி நர்ஸ் ஒருத்தி மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தபடி தன் பாணியில் விளக்கினாள். "அக்கா, நீரு ஜாஸ்தி குடீபேக்கு, தண்ணி நெறைய குடிக்கணும். ஒரு நாளைக்கு மூணு லிட்டர். வந்தா அடக்கக் கூடாது. லேசா செவப்பா போனா பயப்படாதீங்க, இன்னும் கொஞ்சம் தண்ணி குடிங்க. கட்டி கட்டியா ரத்தம் வந்தாலோ, குளிர் ஜொரம் வந்தாலோ உடனே வந்துடணும். கனமா எதையும் தூக்காதீங்க. தண்ணிய மட்டும் கொறச்சுடாதீங்க. அடிக்கடி பாத்ரூம் போவணுமேன்னு நெறைய பேரு கொறச்சுடறாங்க. அதுதான் கெடுதல்."

அன்னமேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"வலிக்குதா மேரி?" என்று கேட்டான் அவள் கணவன் அருள்ஜோசப். அவன் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். இரண்டு நாளாக லீவு போட்டு அவள் கூடவே இருந்தான்.

"இல்ல" என்றாள். அவளுக்கு அப்போது நினைவுக்கு வந்தது கவிப்ரியா. கணவனிடம் அந்தப் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அன்னமேரியின் லைனில் பதினான்காவது போர்டில் நின்ற பெண் கவிப்ரியா. சாமல்பட்டிக்காரி, இருபத்திரண்டு வயது, அப்பா இல்லை. கை வேகமான பெண். கல் வலி என்று பத்து நாள் லீவு எடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள், அரை மணிக்கு ஒருமுறை பாத்ரூம் போகக் கேட்கத் தொடங்கினாள். ஓடுகிற லைனில் ஒருத்தி நகர்ந்தால் அவள் இடத்தில் நிற்க ஒரு ரிலீவர் வேண்டும். இருபத்தெட்டுப் பேருக்கு ரிலீவர் ஒருத்திதான்.

"அக்கா, உள்ள டியூப் வச்சிருக்காங்கக்கா. அடக்க முடியலக்கா."

"டியூபா? நல்லாத்தான நிக்கற. தண்ணிய கொறச்சுக்க. குடிச்சாத்தான வருது?"

நாலு பேர் நின்ற இடத்தில் அன்னமேரி இதைச் சொன்னாள். ஒருத்தி சிரித்தாள். அதன்பின் கவிப்ரியாவின் தண்ணீர் பாட்டில் மதியம்வரை திறக்காமலே இருப்பதை அன்னமேரி பார்த்தாள். சொன்ன பேச்சு கேட்கிற பெண் என்றுதான் நினைத்தாள்.

பிறகு ஒருநாள் கவிப்ரியா டாக்டர் சீட்டோடு வந்து நின்றாள். வரும் வியாழக்கிழமை டியூபை எடுக்க வேண்டும், ஒரு நாள் லீவு வேண்டும் என்றாள். அந்த வாரம் பைக் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். "அடுத்த வாரம் போய்க்க. டியூப் எங்க ஓடிடப் போவுது?" என்று சொல்லி, சீட்டை மேசை டிராயரில் போட்டுக்கொண்டாள் அன்னமேரி. அடுத்த வாரம் இரண்டு பேர் வரவில்லை. அதற்கடுத்த வாரம் மாதக் கடைசி. மூன்றாவது முறை கேட்டபோது அன்னமேரி எரிந்து விழுந்தாள். நான்காவது முறை கவிப்ரியா கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து, வேலை நேரத்தில் உடம்பு தூக்கிப் போடும் குளிர் ஜுரத்தோடு போர்டின் மேலேயே சாய்ந்தாள். அவள் அம்மா வந்து அழைத்துக்கொண்டு போனாள். அதோடு சரி.

அதுவரை நடந்ததற்கு வேலை நெருக்கடி என்று ஒரு சாக்காவது உண்டு. அதன்பின் செய்ததற்கு அதுவும் கிடையாது. ஆள் ஏன் வரவில்லை என்று கேட்டு எச்.ஆர். ஒரு படிவம் அனுப்பியது. 'லீவு கேட்டாரா? மருத்துவச் சீட்டு கொடுத்தாரா?' என்ற இரண்டு கேள்விகள் அதில் இருந்தன. ஆம் என்று எழுதினால், ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்வி தன்மேல் வரும் என்று அன்னமேரிக்குத் தெரியும். இரண்டுக்கும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். டிராயரில் கிடந்த சீட்டைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். கவிப்ரியா 'சொல்லாமல் வேலையை விட்டு ஓடியவர்' ஆனாள்.

மத்திகிரியில் அவர்கள் குடியிருக்கும் வாடகை வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் பொதுவாகப் பின்பக்கம் ஒரே பாத்ரூம். ஸ்டென்ட்டோடு வந்த முதல் வாரம், அன்னமேரி ஒரு நாளைக்கு இருபது முறைக்கு மேல் அந்தக் கதவுக்கும் கட்டிலுக்கும் இடையே நடந்தாள். வரும் உணர்வு திடீரென்று வரும். பத்து எண்ணுவதற்குள் போயாக வேண்டும். போய் முடிக்கும் தறுவாயில் வலி அடிவயிற்றிலிருந்து முதுகுவரை சுண்டி இழுக்கும். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பாள். வெளியே வந்து ஐந்து நிமிடம் ஆவதற்குள் மறுபடியும் வருவதுபோல இருக்கும்.

நாளாக ஆக உடம்போடு ஒத்துப்போகக் கற்றுக்கொண்டாள். ஒரேயடியாகக் குடிக்காமல் மணிக்கு ஒரு டம்ளர் என்று குடித்தாள். அவசரமாகக் குனிந்தாலும் குடத்தைத் தூக்கினாலும் அன்று மூத்திரம் சிவந்துபோனது. உட்கார்ந்து ஓய்வெடுத்துத் தண்ணீர் குடித்தால் தெளிந்தது. மலச்சிக்கல் வந்தால் வலி கூடுகிறது என்று கண்டு, கீரையும் வாழைப்பழமும் சேர்த்துக்கொண்டாள். வெந்நீர்ப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் படுத்தால் கொஞ்சம் சுகமாக இருந்தது. மாத்திரை முடியும்வரை ஒரு வேளையும் விடவில்லை. தினமும் மாலையில் அருள்ஜோசப் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தான். காலண்டரில் பத்தொன்பதாம் தேதியைச் சிவப்பில் வட்டம் போட்டதும் அவன்தான்.

ஒவ்வொன்றையும் கற்றுக்கொள்ளும்போது, இதையெல்லாம் அந்தப் பெண் எட்டு மணி நேரம் நின்றபடியே, தண்ணீரும் குடிக்காமல் அனுபவித்தாள் என்று தோன்றும். கட்டிலில் படுத்திருப்பதே தப்பு செய்வதுபோல இருந்தது. அருள்ஜோசப் இளநீர் வெட்டிக் கொடுத்தால் வாங்கக் கூச்சப்பட்டாள்.

"என்னா மேரி, மூஞ்சி இப்பிடி இருக்குது? டாக்டர்தான் எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரே?"

"ஒன்னுமில்லீங்க."

சனிக்கிழமை சாயங்காலம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து, செய்த பாவத்தைச் சொல்லிவிடலாம் என்று கோவிலுக்குப் போனாள். வரிசையில் அவளுக்கு முன்னால் ஐந்து பேர். சொல்ல வேண்டியதை மனத்துக்குள் கோத்துக்கொண்டே நின்றாள். தண்ணி குடிக்காதே என்றேன். லீவு தரவில்லை. பொய் எழுதினேன். இன்னும் இரண்டு பேர்தான் இருந்தார்கள், அடக்க முடியவில்லை. வரிசையை விட்டு வெளியே ஓடினாள். திரும்பி வந்தபோது சாமியார் பூசைக்கு எழுந்து போயிருந்தார். பூசை முழுக்கக் கடைசிப் பெஞ்சில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்று சொல்ல முடியாமல் போனதில் அவளுக்கு ஏமாற்றத்தைவிட ஆறுதல்தான் அதிகமாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்துத்தான் மறுநாளெல்லாம் வெட்கப்பட்டாள்.

இரண்டு வாரம் கழித்து வேலைக்குப் போனபோது, அவள் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ரேவதி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நீங்க ஒக்காந்துக்குங்கக்கா. எப்ப வேணா எழுந்து போங்க, யாரையும் கேக்க வேணாம்." மற்ற பெண்களும் தலையாட்டினார்கள். அன்று அன்னமேரி ஒன்பது முறை எழுந்து போனாள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்பதாவது முறை பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் முந்தானையை வைத்து அழுதாள்.

அன்று ஷிப்ட் முடிந்ததும் ரேவதியிடம் கேட்டாள். ரேவதியும் கவிப்ரியாவும் ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள். "கவிப்ரியா வீடு எங்க இருக்குது?"

ரேவதி நிமிர்ந்து பார்த்தாள். "சாமல்பட்டில ஸ்டேஷனுக்குப் பின்னால. அவங்க அம்மா வெள்ளையம்மா வீடுன்னா காட்டுவாங்க. எதுக்குக்கா?"

"பாக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் அக்கா வீட்டுக்குப் போவதாகக் கணவனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் அவசரம் வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில், காலையிலிருந்து இரண்டு மடக்குக்கு மேல் தண்ணீர் குடிக்கவில்லை. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் கட்டணக் கழிப்பறை வரிசையில் கால்களை இறுக்கிக்கொண்டு நின்றாள். ஊத்தங்கரை பஸ் மத்தூரைத் தாண்டியபோது வலி ஆரம்பித்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் இடுப்பில் குத்தியது. பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதைத் திறக்கத் துணிவில்லை. தண்ணிய கொறச்சுக்க என்று மற்றவளிடம் சொன்ன வாய், இப்போது காய்ந்துபோய்த் தன் சொல்லுக்குத் தானே கட்டுப்பட்டுக் கிடந்தது.

சாமல்பட்டியில் ஓட்டு வீடு ஒன்றின் வாசலில் ஒரு அம்மாள் நிலக்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பேசுவதற்கு என்று பஸ்ஸில் கோத்து வைத்த ஒரு சொல்லும் அன்னமேரிக்கு வரவில்லை.

"அம்மா, கொஞ்சம் பாத்ரூம் போவணும். அவசரம்."

அந்த அம்மாள் யார் என்றுகூடக் கேட்கவில்லை. "வாம்மா, வா, பின்னால இருக்குது" என்று தானே முன்னால் நடந்து கதவைத் திறந்துவிட்டு, ஒரு பக்கெட் தண்ணீரும் வைத்தாள்.

மூத்திரம் நல்ல சிவப்பாகப் போனது. சுவரைப் பிடித்துக்கொண்டு, வலி அடங்கும்வரை நின்று வெளியே வந்தபோது, கிணற்றடியில் கவிப்ரியா நின்றுகொண்டிருந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள். அன்னமேரி இடுப்பில் கை வைத்து நடந்து வந்ததைக் கவனித்தாள்.

"ஸ்டென்ட்டாக்கா?" என்றாள்.

"ஆமா."

"எந்தப் பக்கம்?"

"எடது."

"எப்ப எடுக்கறாங்க?"

"பத்தொம்பதாந்தேதி."

"தள்ளிப் போட்டுடாதீங்க" என்றாள் கவிப்ரியா. குத்திக்காட்டுவதுபோல இல்லை. தெரிந்த ஒன்றைத் தெரியாதவருக்குச் சொல்வதுபோல இருந்தது. அன்னமேரி கிணற்றுமேடையில் உட்கார்ந்துவிட்டாள்.

"கவி, நான்தான் ஒன்னத் தள்ளிப்போட வச்சேன். தண்ணி குடிக்காதன்னும் சொன்னேன். அது எவ்ளோ பெரிய தப்புன்னு இப்பதான் தெரியுது."

வெள்ளையம்மாவுக்கு அப்போதுதான் வந்தவள் யார் என்று புரிந்தது. "அந்த லீடரம்மாவா நீ?" என்று கேட்டவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "சேலத்துல எம்பொண்ண ரெண்டு தடவ அறுத்தாங்க. டியூபு முழுக்கக் கல்லு கட்டிப் போச்சாம். ஒரு பக்கம் கிட்னி பாதிதான் வேல செய்யுது. வந்த சம்பந்தம் ரெண்டும் திரும்பிப் போச்சு. இன்னிக்குச் சொகம் விசாரிக்க வந்தியா?"

 

"அம்மா, நீ உள்ள போ" என்றாள் கவிப்ரியா. அம்மா போகவில்லை, அங்கேயே நின்றாள். கவிப்ரியா அன்னமேரியின் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுட்டேன்னு என்னால சொல்ல முடியாதுக்கா. எனக்கு அப்பிடித் தோணல. ஒன்னு மட்டும் கேக்கறேன். பர்கூர்ல ரெண்டு கம்பெனில வேலைக்குப் போய்ப் பாத்தேன். பழைய கம்பெனில விசாரிச்சாங்க. சொல்லாம ஓடிட்டான்னு சொன்னாங்களாம். அனுபவச் சான்றிதழும் தரல. நான் எங்கக்கா ஓடினேன்? மூணு தடவ ஒங்ககிட்ட லீவு கேட்டேன். சீட்டு குடுத்தேன். அத எப்பிடி இல்லன்னு எழுதினாங்க?"

அந்தப் படிவத்தை எழுதியது யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆபீஸில் யாரோ எழுதியதாக நினைத்துக்கொண்டிருந்தாள். அன்னமேரி அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது என்றைக்கும் தெரியாமலே போயிருக்கும். ஒரு நிமிடம் அந்த ஆசை அவளுக்கு வரத்தான் செய்தது.

"எழுதினது நான்தான்" என்றாள். "சீட்டக் கிழிச்சதும் நான்தான்."

கவிப்ரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.  பிறகு கவிப்ரியா சொன்னாள்: "அப்ப மாத்தி எழுத வேண்டியதும் நீங்கதான். போங்கக்கா. போறப்ப தண்ணி குடிச்சுட்டுப் போங்க. ஒதடு காஞ்சிருக்குது."

வெள்ளையம்மா அசையவில்லை. கவிப்ரியாதான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கிணற்றுமேடையில் வைத்தாள், கையில் தரவில்லை. அன்னமேரி முழுச் சொம்பையும் குடித்தாள். ஊத்தங்கரையிலிருந்து வந்த பஸ்ஸின் கண்டக்டரிடம் வெட்கத்தை விட்டுத் தன் நிலையைச் சொல்லி, மத்தூரில் ஐந்து நிமிடம் நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அருள்ஜோசப்பிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.  முடிந்ததும், "சீட்டக் கிழிச்சது வரைக்கும் செஞ்சிருக்கியே மேரி" என்றான்.  வழக்கம்போல டெம்பரேச்சர் பார்த்தான். தெர்மாமீட்டரை அலசித் துடைத்து உறையில் போட்டுவிட்டு வெளியே போய் நின்றான்.

திங்கட்கிழமை காலை எச்.ஆர். ஹரீஷ்குமாரின் மேசையில் கையால் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தை வைத்தாள். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. அந்தப் பொண்ணுக்கு ஒரு சர்டிஃபிகேட் வேணும்னா நான் பேசி எப்பிடியாவது வாங்கித் தரேன். நீங்க எதுக்கு இதயெல்லாம் எழுத்துல குடுக்கறீங்க? ஒங்க மேலதான் ஆக்‌ஷன் வரும்."

"ரெக்கார்டுல ஓடிட்டான்னு இருக்கற வரைக்கும் அவ ஓடினவதான் சார். அது மாறணும்னா எழுத்துலதான் இருக்கணும்."

"யோசிச்சுக்குங்க."

"யோசிச்சுட்டேன் சார். நடுவுல பாத்ரூம் மட்டும் போய்ட்டு வந்துடறேன், கையெழுத்து எங்க போடணுமோ போடறேன்."

விசாரணை என்று இரண்டு முறை கூப்பிட்டார்கள். டார்கெட்டைப் புகழ்ந்த மேனேஜர் அவள் முகத்தைப் பார்க்காமல் கேள்வி கேட்டார். ஒரு லைனுக்கு ஒரு ரிலீவர் போதாது என்று பல வருடமாக அவளுக்குத் தெரியும். அதையும் அங்கே சொன்னாள். "அது வேற விஷயம்" என்றார் அவர்.

பத்தொன்பதாம் தேதிக்கு லீவு கேட்டபோது எந்தத் தடையும் இல்லாமல் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் மரத்துப்போகும் ஜெல் தடவி, சிறு கருவி விட்டு, இரண்டு நிமிடத்தில் ஸ்டென்ட்டை உருவி எடுத்தார்கள். ஒரு தட்டில் வைத்துக் காட்டினார்கள். இரு முனையும் சுருண்ட, நூல்போன்ற குழாய். வழுவழுவென்று இருந்தது, ஒரு பொடிக் கல்கூடப் படியவில்லை. அன்னமேரி குலுங்கிக் குலுங்கி அழுதாள். "ஆயிடுச்சுக்கா, ஆயிடுச்சு. இனிமே வலிக்காது" என்று அந்த ஆனேக்கல் நர்ஸ் தட்டிக்கொடுத்தாள்.

செப்டம்பரில் உத்தரவு வந்தது. கவிப்ரியாவின் பதிவு 'உடல்நலக் காரணத்தால் விலகியவர்' என்று திருத்தப்பட்டு, அனுபவச் சான்றிதழ் பதிவுத் தபாலில் சாமல்பட்டிக்குப் போனது. அன்னமேரியை லீடர் பொறுப்பிலிருந்து எடுத்து, வேறொரு லைனில் போர்டுக்கு அனுப்பினார்கள். பத்து வருடத்துக்குப் பிறகு நின்றபடி வயர் கோக்கிறாள். கால் வலிக்கிறது. அந்த லைன் லீடர் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள். அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், "தோ வரேம்மா" என்று போகிறாள்.

சான்றிதழ் கிடைத்த அன்று கவிப்ரியாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை வந்தது: 'வந்துச்சு.' அன்னமேரி நீளமாக ஏதேதோ அடித்தாள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'சரிம்மா' என்று மட்டும் அனுப்பினாள்.

கார்த்திகை மாதம், கவிப்ரியாவுக்குப் பர்கூரில் வேலை கிடைத்துவிட்டது, உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று ரேவதி வந்து சொன்னாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சேலம் போய் ஸ்கேன் எடுக்கிறாளாம். போன வாரம்தான் போய் வந்தாளாம்.

"ஸ்கேன்ல என்னா சொன்னாங்க?" என்று கேட்க அன்னமேரி வாயெடுத்தாள். கேட்கவில்லை. ரேவதி சற்று நின்று பார்த்துவிட்டுத் தன் லைனுக்குப் போனாள். அன்னமேரி பாட்டிலைத் திறந்து அந்த மணிக்கான தண்ணீரைக் குடித்துவிட்டு, போர்டின் பக்கம் திரும்பினாள்.